லயத்துப் பிள்ளையும் முதற் கணக்கும்

பாலர் வகுப்பு ஆசிரியையாக அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட தோட்டங்களில் என் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவள் என்ற முறையிலே, ஐந்து வயதுப் பிள்ளையின் மனத்தில் எண் என்பது எவ்விதம் வேரூன்றுகிறது என்பதைக் குறித்து நான் கண்டவற்றை எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. மலையகத்துப் பிள்ளைகளின் கணக்கைப் பற்றிக் கவலைப்படுகிற பெரியவர்கள் பெரும்பாலும் பதினோராம் ஆண்டைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் வாரத்திலே, கணிதத்தில் சித்தியடையாதவர் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, இன்னும் ஒரு மாலை வகுப்புக்கு ஏற்பாடு செய்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுட் பலரை நான் முதலாம் வகுப்பிலே அறிந்திருக்கிறேன். பத்து என்பது பத்து ஒன்றுகள் கூடிய ஒரு கட்டு என்று விளங்குமுன்னரே நூறு வரைக்கும் எழுதப் பழக்கப்பட்டு, எழுதியதற்காக மெச்சப்பட்டு, விளங்காமை ஒருவர் கண்ணிலும் படாமலே மேல் வகுப்புக்கு ஏற்றப்பட்டவர்கள் அவர்கள். நோய் முதலாம் வகுப்பில் இருக்க, மருந்தைப் பதினோராம் வகுப்பில் தேடுவதால் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

இந்த மலைகளிலே கணக்குத் தெரியாமை என்பது பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்ட குறையாக ஒருகாலும் இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1921-ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்படும் வரையில் துண்டு முறை என்றொரு வழக்கம் இங்கே நிலவியது. ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்துக்குப் போக விரும்பிய தொழிலாளிகள், தாங்கள் பட்ட கடன் இன்ன தொகை என்றும், அதைச் செலுத்துகிற தோட்டத்துக்கு அவர்களை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்றும் துரை எழுதிக் கொடுத்த துண்டுக் கடிதத்தோடுதான் போக முடிந்தது. ஒரு குடும்பத்தின் விடுதலைக்கு உரிய விலை அந்தக் கடிதத்திலே இலக்கத்தில் எழுதியிருந்தது. அந்த இலக்கத்தை வாசிக்க அக்குடும்பத்திலே ஒருவருக்கும் தெரியாது. தோட்டம் மாறும்போதெல்லாம் தொகை ஏறிக்கொண்டே போனது. தஞ்சாவூரிலே ‘வர்த்தகமித்திரன்’ என்ற பத்திரிகையை நடத்தியவரும், பின்னாளில் அட்டனை இருப்பிடமாகக் கொண்டு 1931-இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவருமாகிய கோ. நடேசையரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், வர்த்தகக் கணக்கிலே பழகிய ஒருவர் இம்மக்களுக்கு முன்னோடித் தலைவராக வாய்த்தது எவ்வளவு பொருத்தம் என்று நான் நினைப்பதுண்டு. இன்றைக்கும் மாத முடிவில் கைக்கு வரும் சம்பளச் சீட்டிலே, வேலை செய்த நாட்களாகிய பேர் எத்தனை, ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதம் எவ்வளவு, தீபாவளி முற்பணத்தில் பிடித்தது எவ்வளவு, சங்கச் சந்தா எவ்வளவு, தேயிலைத் தூளுக்கு எவ்வளவு என்று வரிசையாகக் கழித்துக்கொண்டு வருகிற இலக்கங்களைப் படித்துச் சரிபார்க்கத் தெரிந்தவளுக்கும் தெரியாதவளுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

1920-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தோட்டத்திலே படிப்பதற்கு வசதி செய்ய வேண்டிய பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. அதன் பயனாகத் தோன்றியவை பெரும்பாலும் ஓர் அறையும் ஓர் உபாத்தியாயரும் ஐந்து வகுப்புகளுமாக இருந்த பள்ளிக்கூடங்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கிச் சில காலத்துக்குப் பின்னரே நான் வேலைக்குச் சேர்ந்தேன். தகரக் கூரையிலே மழை விழுந்தால் ஐந்து வகுப்புகளும் ஒருங்கே வாய்ப்பாடு சொல்லுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாத அந்தக் கட்டடத்திலேதான், ஒப்புவித்தல் வேறு, அறிதல் வேறு என்பதை நான் முதன்முதலாகப் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

கண்ட விதத்தைச் சொல்லுகிறேன். முதலாம் வகுப்பிலே புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுவனின் முன்னால் ஏழு தேயிலைக் கொட்டைகளை வைத்து எண்ணச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை வைத்து ஒழுங்காகவே எண்ணி, ஏழு என்று முடித்து, என் முகத்தைப் பார்த்தான். “எத்தனை கொட்டை இருக்கு?” என்று கேட்டேன். உடனே மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினான். ஏழு என்று முடித்தான். “அப்போ எத்தனை?” என்றேன். மூன்றாம் முறையும் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்துவிட்டான். எத்தனை என்ற கேள்வி அவனைப் பொறுத்தவரையில் எண்ணு என்ற கட்டளையாகவே இருந்தது. கடைசியாகச் சொன்ன ‘ஏழு’, கடைசிக் கொட்டையின் பெயராக மாத்திரம் அல்லாமல் அந்தக் குவியல் முழுவதின் அளவாகவும் நிற்கிறது என்ற சூட்சுமம் அவனுக்கு இன்னும் எட்டவில்லை. ரொச்செல் கெல்மன், காலிஸ்டல் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1978-இல் வெளியிட்ட நூலொன்றிலே, எண்ணுதல் என்ற ஒரு செயலுக்குள் அடங்கிக் கிடக்கும் விதிகளைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்: ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்பது ஒன்று, சொற்களின் கிரமம் மாறலாகாது என்பது இன்னொன்று, கடைசிச் சொல்லே மொத்தத்தைக் குறிக்கும் என்பது மற்றொன்று, எந்தப் பொருளிலிருந்து எண்ணத் தொடங்கினாலும் விடை ஒன்றே என்பதும், எண்ணப்படுவது எதுவாகவும் இருக்கலாம் என்பதும் ஏனையவை. பெரியவர்களுக்கு இவை ஐந்தும் ஒரே மூச்சில் வருகின்றன. பிள்ளைக்கு ஒவ்வொன்றும் தனித்தனியே, தனித்தனிக் காலத்தில் கைகூடுகிறது. அந்தச் சிறுவனுக்கு முதலிரண்டும் கைவந்திருந்தன, மூன்றாவது வரவில்லை. இதை அறியாத ஆசிரியர் அவனுக்கு நன்றாக எண்ணத் தெரியும் என்று எழுதிவிட்டு எட்டாம் இலக்கத்துக்குப் போய்விடுவார்.

அவனுக்கு வேண்டியிருந்தது மேலும் எண்ணுவது அன்று. எண்ணியதைக் கொண்டு ஏதேனும் ஒரு காரியம் செய்வது. “வாளிக்குப் பக்கத்துல எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு பார்த்து, அத்தனை கோப்பை எடுத்துட்டு வா” என்று அனுப்பினால், எண்ணி முடித்த அளவை மனத்திலே சுமந்துகொண்டு அறையின் மறுகோடிக்கு நடந்து போக வேண்டியிருக்கிறது. நாலு பேர் என்று கண்டவன் நாலு என்ற சொல்லைக் கையில் கொண்டுபோய் நாலு கோப்பையாக மாற்றிக்கொண்டு வருகிறான். ஒன்று குறைந்தால் வெறுங்கையோடு நிற்கிற பிள்ளையே சத்தம் போட்டுச் சொல்லிவிடும். ஆசிரியை திருத்த வேண்டிய அவசியம் இல்லை. சில வாரங்களில் அவன் எத்தனை என்று கேட்டால் எண்ணி முடித்து, ஒருகணம் நிறுத்தி, “ஏழு!” என்று மொத்தத்தையும் கையால் வளைத்துக் காட்டிச் சொன்னான்.

இரண்டு வரிசையாக ஆறாறு கொட்டைகளை நேருக்கு நேர் அடுக்கிக் காட்டி, இரண்டும் சமம் என்று பிள்ளை ஒப்புக்கொண்ட பின்னர், ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பிவிட்டால், நீண்ட வரிசையிலேதான் அதிகம் என்று ஐந்து வயதுப் பிள்ளை சாதிக்கும். ஜெனீவாவைச் சேர்ந்த உளவியலாளர் பியாஜே 1941-இல் வெளியிட்ட நூலிலே விரிவாக ஆராய்ந்த இந்த விஷயத்தைக் கொட்டைகளோடு உட்கார்ந்த எந்த ஆசிரியரும் ஒரு காலையிலே கண்டுகொள்ளலாம். இதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை மந்தம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. கண் காட்டுவதை நம்புவது அந்த வயதின் இயல்பு. எண் என்பது கண்ணுக்குப் புலப்படும் நீளத்திலிருந்து வேறான ஒன்று என்பது, அடுக்கியும் கலைத்தும் மறுபடி சோடி சேர்த்தும் பார்த்த கைகளின் வழியாகவே ஆறு ஏழு வயதளவில் மனத்துக்குப் போய்ச் சேர்கிறது. வாயால் வாதாடி அதை அங்கே சேர்ப்பித்த ஒருவரையும் நான் கண்டதில்லை.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளரும் பிள்ளை வீட்டிலிருந்து ஒன்றும் கொண்டுவருவதில்லை என்பது நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பரவலாக நிலவிய அபிப்பிராயம். தாய் விடியற்காலையிலே ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிறாள். கைக்குழந்தை பிள்ளைமடுவத்துக்குப் போகிறது. அந்திக் கொழுந்து நிறுத்துத் தாய் வீடு திரும்பும்போது இருட்டுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள்ளே புத்தகமும் இல்லை, மேசையும் இல்லை. இவை யாவும் மெய்யே. ஆனால் அந்தக் காம்பராவைச் சுற்றி நடக்கிற வாழ்க்கை முழுவதும் கணக்காலேயே ஆனது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. இரட்டை லயத்துக்கு இந்தப் பக்கம் ஆறு காம்பரா, அந்தப் பக்கம் ஆறு காம்பரா. மலைகளுக்குப் பெயரோடு நம்பர். பேர் என்றால் முழுப்பேரா அரைப்பேரா என்ற கேள்வி. கடைக்காரரின் கொப்பியிலே ஏறுகிற கடன். கொழுந்து கிலோவுக்கு மாறிப் பல காலம் ஆகியும் கடையிலே இன்னமும் றாத்தலாகவும் அரை றாத்தலாகவும் கேட்டு வாங்கப்படுகிற பாண். இத்தனைக்கும் நடுவே வளர்கிற பிள்ளையிடம் கணக்கு இல்லை என்பது எவ்வளவு பெரிய அவதூறு!

தன் மகளை அழைத்துப் போக ஒரு மாலை வந்த தாயொருத்தியிடம், வீட்டிலே பிள்ளைக்குக் கொஞ்சம் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்படி கேட்டேன். “நான் கொழுந்து பறிக்கிறவங்க டீச்சர். எனக்கு என்னா கணக்குத் தெரியும்?” என்றாள். அன்றைக்கு எத்தனை கிலோ என்று விசாரித்தேன். “காலைக்கு ஏழு, பகலுக்கு ஒன்பது, அந்திக்கு ஆறு. இருபத்திரண்டுங்க” என்று நான் கூட்டி முடிக்குமுன்னே சொல்லிவிட்டாள். எப்படிக் கூட்டினாள் என்று கேட்டதற்கு, இதையும் கேட்பார்களா என்பதுபோல் என்னைப் பார்த்து, “ஆறுல ஒண்ண எடுத்து ஒன்பதோட போட்டா பத்து. மிச்சம் அஞ்சு, ஏழோட பன்னெண்டு. பத்தும் பன்னெண்டும் இருபத்திரண்டுதானே?” என்றாள். பிறகு, “கூடைக்கும் ஈரத்துக்கும் கழிச்சது போக எவ்வளவு எழுதியிருக்காங்கன்னு மனசுல வச்சிருந்து கேப்பேன். கேக்காட்டி ரெண்டு கிலோ போயிடும்” என்று சேர்த்துச் சொன்னாள். கையெழுத்துக்குப் பதிலாகக் கைநாட்டு வைக்கிற பெண் அவள். ஒன்பதைப் பத்தாக நிரப்பிக்கொண்டு கூட்டுகிற அந்த உபாயத்தை, அதே வாரத்தில் நான் இரண்டாம் வகுப்புக்குக் கற்பிக்க முயன்று, பாதிப் பிள்ளைகளுக்கு விளங்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

இது நம் மலைக்கு மாத்திரம் உரிய அதிசயம் அன்று. பிரேசில் தேசத்தின் ரெசிஃபே நகரத்துத் தெருக்களிலே இளநீரும் பழமும் விற்கிற பிள்ளைகளைப் பற்றி மூன்று ஆராய்ச்சியாளர்கள் 1985-இல் எழுதியிருக்கிறார்கள். தெருவிலே வாடிக்கைக்காரராக நின்று கேட்ட கணக்குகளுக்கு அப்பிள்ளைகள் நூற்றுக்கு 98 சரியான விடை சொன்னார்கள். அதே கணக்குகளைத் தாளிலே வெறும் இலக்கங்களாக எழுதிக் கொடுத்தபோது சரியானவை நூற்றுக்கு 37 ஆகக் குறைந்தன. ஒரு தேங்காய் 35 என்றால் பத்துக்கு எவ்வளவு என்று கேட்கப்பட்ட சிறுவன், மூன்றுக்கு 105, இன்னும் மூன்றுக்கு 210, இன்னும் மூன்றுக்கு 315, அதோடு ஒரு 35 என்று ஏறி 350-ஐ அடைந்தான். பத்தால் பெருக்கச் சைபரைச் சேர் என்ற பள்ளிக்கூட விதி அவன் நாவிலே இல்லை. அளவின் உணர்ச்சி இருந்தது. எங்கள் கடமை அந்த உணர்ச்சியைத் துரத்திவிட்டு விதியைக் குடியேற்றுவது அன்று. உணர்ச்சியின் கையைப் பிடித்து விதியின் வாசலுக்கு அழைத்து வருவது.

எனவே, தலைமையாசிரியரின் அனுமதி பெற்று, வேலை இல்லாத ஒரு நாளிலே அந்தத் தாயை வகுப்புக்கு வரவழைத்தேன். கதவருகில் கூசி நின்றவளை முன்னால் உட்கார வைத்து, கொழுந்து நிறுக்கிற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னேன். அவள் சொல்லச் சொல்ல நான் கொட்டைகளை அடுக்கினேன்: ஏழு ஒரு பக்கம், ஒன்பது ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம். ஒன்பதுக் குவியலுக்கு ஒன்று குறைகிறது என்று அவள் சொன்ன மாத்திரத்தில், முன்வரிசையிலிருந்த அவளுடைய மகள் எழுந்து வந்து ஆறிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து ஒன்பதோடு தள்ளினாள். தாயின் முகத்தில் அப்போது தோன்றிய பெருமிதத்தை வருணிக்க நான் முயலப் போவதில்லை. அந்த வகுப்பிலே ‘பத்தாக்குதல்’ என்பது அதன் பிறகு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. நான் எட்டு என்றால் பிள்ளைகள் இரண்டு என்பார்கள், நான் ஆறு என்றால் நாலு என்பார்கள். மழைநாளிலே தகரத்தின் இரைச்சலுக்கு மேலாக விரல்களைக் காட்டியே விளையாடினார்கள்.

பத்தைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். ஏனென்றால் ஆரம்ப கணிதத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. இருபத்தொன்பது வரைக்கும் தடையின்றி வந்த பிள்ளை ‘இருபத்துப்பத்து’ என்று சொல்லுமானால், அது தவறு அன்று, வளர்ச்சியின் அடையாளம். விதியை அது தானாகவே கண்டுபிடித்திருக்கிறது, கட்டை மாத்திரம் கட்டவில்லை. தொண்ணூறு என்று கேட்டதும் நூற்றுக்கு மேலே எங்கேயோ தேடுகிற பிள்ளைகளும் உண்டு. காதிலே நூறு விழுந்தபின் ஒன்பது பத்துகளை அவர்கள் எங்கே காண்பார்கள்? இவற்றுக்கெல்லாம் கையிலே தொட்டுப் பார்க்கும் பத்து வேண்டும். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து அடுப்புக்காகக் கட்டிக்கொண்டு வருகிற மிலாறு விறகிலே மெல்லிய கிளைகளாகப் பார்த்து விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக வாழைநாரால் கட்டி வைத்துக்கொண்டோம். முப்பத்துநாலு என்றால் மூன்று கட்டும் நாலு உதிரியும். முப்பத்துநாலிலிருந்து ஆறை எடுக்க வேண்டும் என்றால், உதிரி போதாதென்று கண்ட பிள்ளை ஒரு கட்டை அவிழ்க்கிறது. ‘கடன் வாங்குதல்’ என்று நாம் கரும்பலகையிலே கோடு போட்டு வெட்டிக் காட்டுகிற அந்த மாயம் அங்கே வெறும் நார் அவிழ்ப்பதாக முடிந்துவிடுகிறது. கட்டை அவிழ்த்தால் பத்து உதிரி கிடைக்கும் என்பதைத் தன் கையால் நூறு தரம் செய்து பார்க்காத பிள்ளைக்குக் கொப்பியிலே கழித்தல் கற்பிப்பது வீண் என்பது என் திடமான நம்பிக்கை. கட்டுகளை ஆசிரியை முன்கூட்டியே கட்டி வைத்துக் கொடுக்கவும் கூடாது. எண்ணிக் கட்டுகிற வேலை பிள்ளையினுடையதாக இருக்க வேண்டும். ஒன்பதோடு கட்டிவிட்ட ஒரு கட்டு இரண்டு நாளைக்குப் பின் கணக்கிலே தன்னைக் காட்டிக்கொடுக்கும்போது, வகுப்பு முழுவதும் கட்டுகளை அவிழ்த்துச் சோதிக்கிறதே, அந்த நாழிகைக்கு ஈடான பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

எழுத்தைப் பற்றிய அவசரத்தைத்தான் நான் மிகவும் எதிர்த்திருக்கிறேன். முன்பள்ளியிலேயே நூறு வரை எழுத வைக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்று வயதுக் குழந்தையின் மேல் விழுகிறது. நோகும் விரலோடு பக்கம் பக்கமாக மூன்றை எழுதுகிற குழந்தை, மூன்று என்பது கை நோவு என்று அறிந்துகொள்ளுகிறதே தவிர வேறொன்றையும் அறிந்துகொள்ளுவதில்லை. மூன்றையும் ஏழையும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பி எழுதுவது ஆறேழு வயது வரைக்கும் சாதாரணம். அதற்காக அடிக்கிறவர்களை நான் மன்னித்ததில்லை. 1998-இல் கம்பஹா மாவட்டத்திலே தொடங்கி 1999-இல் நாடு முழுவதற்கும் வந்த கல்விச் சீர்திருத்தம், முதல் இரண்டு வகுப்புகளை முதன்மை நிலை ஒன்று என்று வகுத்து, விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம் கொடுத்து, மேசை வேலையைக் கடைசிக்குத் தள்ளியபோது, எங்களுள் மூத்த ஆசிரியர் சிலர் படிப்பு கெட்டது என்று வருந்தினார்கள். எனக்கோ, மிலாறுக் கட்டைப் பரிசோதகர் வரும் நாளில் அலுமாரிக்குள் மறைத்து வைக்க வேண்டிய அவசியம் தீர்ந்தது என்ற நிம்மதி.

வீட்டிலே என்ன செய்வது என்று கேட்ட தாய்மாருக்கு நான் ஒருநாளும் கொப்பியும் பென்சிலும் சொன்னதில்லை. களைத்து வந்தவளிடம் இன்னொரு வேலையைச் சுமத்துவது நியாயமும் ஆகாது, நடக்கவும் நடக்காது. இருக்கிற வேலைக்குள்ளே ஒரு கேள்வியைச் சொருகினால் போதும். அடுப்படியிலே ரொட்டி சுடுகையில், “இன்னிக்கு எத்தனை பேர் சாப்பிடுறோம்? தட்டு எத்தனை வேணும்?” என்று கேட்கலாம், மாமா வந்திருக்கிற நாளிலே, “இப்போ எத்தனை?” என்று கேட்டால் கூட்டல் வந்துவிடுகிறது. ரொட்டியை இரண்டாகப் பிட்டால் “பெரிய பாதி எனக்கு” என்று சண்டை பிடிக்கிற பிள்ளையிடம், பாதி என்றால் இரண்டும் ஒரே அளவு என்பதைச் சொல்ல அதைவிட நல்ல வேளை வாய்க்காது. ஒரு பிள்ளை பிட்டால் மற்றப் பிள்ளை முதலில் எடுக்கட்டும் என்று ஏற்பாடு செய்த ஓர் அம்மாயியின் வீட்டிலே, பாதிகள் வெகு சீக்கிரம் சமமாகிவிட்டன. கடைக்கு அனுப்பும்போது மீதிச் சில்லறை எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்ல வைத்து அனுப்பலாம். பணிய லயத்திலிருந்து மேட்டு லயத்துக்கு ஏறுகிற படிகளை எண்ணலாம். இறங்கும்போது பின்னோக்கி எண்ணினால் கழித்தலுக்கு அதுவே அடிப்படை.

இஸ்தோப்பிலே தாயம் உருட்டுகிற பாட்டிமாரை நான் என் துணை ஆசிரியைகளாகவே மதித்து வந்திருக்கிறேன். இரண்டு கட்டைகளிலும் விழுந்த புள்ளிகளை எண்ணாமலே கண்ட மாத்திரத்தில் மூன்று என்றும் இரண்டு என்றும் அறிவது, அவற்றைச் சேர்ப்பது, காயை ஒவ்வொரு கட்டமாக நகர்த்துவது, வெட்டுவதற்கு இன்னும் எத்தனை வேண்டும் என்று மனத்தில் போட்டுப் பார்ப்பது ஆகிய நாலும் அந்த ஒரு விளையாட்டில் நடக்கின்றன. நின்றுகொண்டிருக்கிற கட்டத்தையே ஒன்று என்று எண்ணிவிடுகிற பிள்ளையை, “நிக்கிற வீட்ட எண்ணாத, போற வீட்ட எண்ணு” என்று பாட்டி அதட்டுகிறாளே, அந்த ஒரு வாக்கியம் எண்கோட்டைப் பற்றிய எங்கள் பயிற்சிக் கைந்நூலின் ஒரு பக்கத்துக்குச் சமானம்.

பிள்ளைமடுவத்து ஆயாமாரையும் இதிலே சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்பொழுது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் மாறி, பயிற்சி பெற்றவர்களும் பொறுப்பாக இருக்கிறார்கள். சுவரிலே இலக்கப் படங்களும் தொங்குகின்றன. படங்கள் தொங்குவதைவிட, சோப்புத் துண்டைக் கொடுக்கையில் ஆளுக்கு ஒன்று என்று பிள்ளையே கொடுத்துவர விடுவதும், பெரியது சிறியது, கூட குறைய, முன்னே பின்னே, முதலாவது கடைசி என்ற சொற்களை நாள் முழுவதும் தாராளமாகப் புழங்குவதும் அதிகப் பலன் தரும். இந்தச் சொற்களோடு முதலாம் வகுப்புக்கு வருகிற பிள்ளையை, அவை இல்லாமல் வருகிற பிள்ளையிலிருந்து முதல் வாரத்திலேயே என்னால் பிரித்துச் சொல்ல முடிந்திருக்கிறது. “எப்படித் தெரியும்?” என்ற கேள்வியையும் பிழையான விடைக்கு மாத்திரம் ஒதுக்கி வைக்காமல், சரியான விடைக்கும் கேட்டுப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் அக்கேள்வியைக் கேட்டதுமே பிள்ளை விடையை மாற்றிவிடும்.

பெற்றோர் கூட்டத்தைப் பற்றி ஒரு விண்ணப்பம் உண்டு. பாடசாலைகள் பெரும்பாலும் வார நாளிலே, காலைப் பத்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, தோட்டத்துத் தாய்மாருக்குப் பிள்ளையின் படிப்பிலே அக்கறை இல்லை என்று குறை கூறுகின்றன. பத்து மணிக்கு வருகிறவள் அன்றைய பேரை இழக்கிறாள். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021-இல்தான் வர்த்தமானியிலே ஏறியது என்றால், ஒரு பேர் என்பது அக்குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய பொருள் என்பதை அதிபர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையிலோ, அந்திக் கொழுந்து நிறுத்த பிறகு லயத்துக்கு அருகேயுள்ள கோயில் மண்டபத்திலோ கூட்டத்தை வைத்தால் தாய்மார் வருகிறார்கள், பாட்டிமாரும் வருகிறார்கள், சில வேளை தகப்பன்மாரும் வாசலில் வந்து நிற்கிறார்கள். அங்கே உரை நிகழ்த்தத் தேவையில்லை. ஒரு பை தேயிலைக் கொட்டையும் நாலு மிலாறுக் கட்டும் கொண்டுபோய், பிள்ளைகளைத் தாய்மாரின் மடியருகே உட்கார வைத்து, அன்றைக்கு எத்தனை கிலோ என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டு, எப்படிக் கூட்டினாள் என்று பிள்ளைக்குச் சொல்லிக் காட்டச் சொல்ல வேண்டும்.